கள்ளிக்குப் போட்ட கூரை

ஒரு செடியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உங்களில் யாராவது இருக்கிறீர்களா? கூடப் படித்தவளின் பின்னல், ஓரகத்தியின் புதுச் சங்கிலி, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த வேலை, இவற்றையெல்லாம் பார்த்து வயிறு எரிந்தது நம் எல்லோருக்கும் உண்டு. நம் வயதில் அதை மறைக்கிற அக்கறைகூடக் குறைந்துவிட்டது. கோயில் மண்டபத்தில் கால் நீட்டி உட்கார்ந்தால் ஒருத்தி தொடங்குகிறாள், மற்றவள் முடிக்கிறாள், சிரித்துவிட்டுப் பிரசாதம் வாங்கப் போகிறோம். என் பொறாமையை மட்டும் நான் இதுவரை அந்த மண்டபத்தில் எடுத்து வைத்ததில்லை. அது ஒரு சாண் உயரச் செடியின் மேல் வந்தது. இலை கிடையாது, வாசனை கிடையாது. பூத்து நான் பார்த்ததும் கிடையாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், தண்டவாளத்தைப் பார்த்த வரிசையில், கடைசிக்கு முந்தின வீடு எங்களுடையது. முன்னால் ஓர் அறை, நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்பங்கரை. எஞ்சின் போனால் சட்டி பானை எல்லாம் தமக்குள் ஏதோ முணுமுணுக்கும். காயப்போட்ட வேட்டியில் கரித்தூள் பொட்டுப் பொட்டாக இறங்கும். மழை, கரி, ஈயம் பூசின பாத்திரத்தில் கொதிக்கும் கஞ்சி: என் சிறுவயதுக்கு இந்த மூன்றும் சேர்ந்த மணம்தான்.

அப்பா கிள்ளான் பாதை எஞ்சினில் பயர்மேன். நெருப்புக்குக் கரி அள்ளிப் போடும் வேலை. முன்னறைச் சன்னலுக்கு அகலமான பலகை ஒன்று உண்டு. அதன் மேல் ஏறி உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டால் அவர் வண்டி போவது தெரியும். எங்கள் வீட்டுக்கு நேராக வரும்போது அப்பா கரி அள்ளும் சவலை ஒரு தடவை மேலே தூக்கிக் காட்டுவார். முகம் தெரியாது, புகைதான் தெரியும். ஆனால் அந்தச் சவல் எனக்காகத் தூக்கப்பட்டது. இந்த உலகத்தில் எனக்கென்று நடந்த ஒரே காரியம் அதுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

அப்பாவுக்குக் கிள்ளானில் இன்னொரு வீடு இருந்தது. எங்கள் வரிசை முழுவதற்கும் அது தெரியும். எனக்கும், வீடுகளுக்குப் பின்னால் ஆறு இருப்பது தெரிந்த மாதிரித் தெரியும். இறங்கிப் பார்த்ததில்லை, மழை நாளில் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறேன்.

அந்த வருடம் மழை பிடிக்கத் தொடங்கின சமயத்தில் ஒரு பிற்பகல் அப்பா அவளை அழைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். ஒரு தகரப் பெட்டி அவர் தோளில். அவள் இரண்டு கையாலும் ஒரு பிஸ்கட் டின்னை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். டின்னில் பனி விழும் ஊரின் படம், குதிரை வண்டி, தொப்பி வைத்த ஆட்கள். அதற்குள்ளிருந்து விரல் போல ஒன்று பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் வரி வரியாக மடிப்பு. மடிப்பின் விளிம்பில் பஞ்சு. பஞ்சுக்குள் தேன் நிறத்தில் முள்.

"மாசமா இருக்கா. அங்க தனியா விட முடியாது," என்றார் அப்பா, செருப்பைக் கழற்றாமலே.

அம்மா அவளை மேலிருந்து கீழே பார்த்தாள். வயிற்றில் கொஞ்ச நேரம் கண் நின்றது. பிறகு டின்னில் நின்றது.

"கை கால் கழுவிட்டு வரச் சொல்லுங்க. சோறு ஆறுது," என்றாள்.

அவ்வளவுதான். நான் வேறு எதையோ எதிர்பார்த்திருந்தேன். வரிசையில் இந்த மாதிரி ஒரு நாள் வந்தால் தலைமுடி பிடிப்பார்கள், மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். என் அம்மா ரசத்தைச் சூடு பண்ணினாள்.

"சின்னம்மான்னு கூப்பிடு," என்றார் அப்பா என்னிடம். கூப்பிட்டேன். அவள் சிரித்தாள். பல் வரிசை அழகாக இருந்தது. அதையும் மனதுக்குள் அவள் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் காலை எழுந்து என் சன்னலுக்குப் போனால், பலகையின் நடுவில் அந்த டின் உட்கார்ந்திருந்தது.

"வெயில் அங்கதான் விழுதுடா கண்ணு," என்றாள் சின்னம்மா. "நீ இந்தப் பக்கம் ஒட்டினாப்ல உக்காந்துக்கயேன். முள்ளு கிட்ட மட்டும் போவாத."

ஒட்டினாற்போல் உட்கார்ந்தேன். வண்டி வந்தது. அப்பா சவலைத் தூக்கினார். எனக்குப் பின்னால் சின்னம்மாவின் வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவளும் கையைத் தூக்கியிருந்தாள். அன்றையிலிருந்து அந்தச் சவல் யாருக்குத் தூக்கப்படுகிறது என்பது எனக்குத் தெரியாமல் போனது. எனக்கா? கள்ளிக்குப் பின்னால் நிற்கிற அவளுக்கா? ஓடுகிற வண்டியை நிறுத்திக் கேட்க முடியுமா?

அவள் கிள்ளானில் துறைமுகத்துத் துரை ஒருவர் பங்களாவில் ஆயாவாக இருந்தவள். துரைசாணி கப்பல் ஏறும்போது இந்தச் செடியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாளாம். எப்படி வளர்க்க வேண்டும் என்பதையும் துரைசாணியிடமே பார்த்துக் கற்றிருந்தாள். எங்கள் வரிசையில் முருங்கை இருந்தது, கறிவேப்பிலை இருந்தது, பழைய வாளிகளில் ஓமவல்லி இருந்தது. எல்லாம் எதற்காவது உதவுகிறவை. சும்மா நிற்பதற்கு ஒரு செடி, அதுவும் வீட்டுக்குள், அதுவும் முள்ளோடு. பார்க்கப் பெண்கள் ஒவ்வொருவராக ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வந்தார்கள்.

முதலில் வந்தவள் அடுத்த வீட்டுக் கார்டு பெண்சாதி. அவள் புருஷன் ரயிலில் பச்சைக்கொடி காட்டுகிறவர். வரிசையில் சிவப்புக்கொடி இவள் கையில்.

"வேலியில வைக்கிறத எவளாச்சும் வீட்டுக்குள்ள வைப்பாளா?" என்றாள் அம்மாவிடம், சின்னம்மாவுக்குக் கேட்கும்படி. "எங்க ஊருப் பக்கம் ஆடுகூட மேயாது இத. துரைசாணி குடுத்தாளாமே. நல்லவேளை, நாயையும் பிடிச்சுக் குடுக்காம போனா."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"புள்ளத்தாச்சி இருக்கிற வீட்ல முள்ளு ஆகாது, தெரியும்ல? குத்துமாம்."

"குத்துறது இந்த வரிசையில அது ஒண்ணுதானாக்கா?" என்றாள் சின்னம்மா சன்னலிலிருந்து, திரும்பாமலே.

கார்டு பெண்சாதி முறத்திலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடித்துக்கொண்டே போய்விட்டாள். அம்மாவின் வாய் ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பா என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதை எனக்கு வேறு மாதிரி ஞாபகம் இருந்திருக்கும்.

சின்னம்மா அதைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஊற்றியதே அபூர்வம். தென்னை ஈர்க்குச்சி ஒன்றை மண்ணுக்குள் இறக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, உருவி, உதட்டில் வைத்துப் பார்ப்பாள். ஈரம் தெரிந்தால் குச்சியைத் துடைத்து மேலே சொருகிவிடுவாள். தெரியாவிட்டால் டீ ஸ்பூனில் அளந்து, வேரைச் சுற்றி, உடம்பில் படாமல் விடுவாள், மருந்து கொடுப்பது போல. அப்பாவின் தேய்ந்த சவர பிரஷ்ஷால் முள்ளுக்கு இடையிலிருந்த கரித்தூளைத் தட்டுவாள். பஞ்சு மேல் ஊதுவாள். அப்படி உதட்டைக் குவித்து யாரும் என் மேல் ஊதினதில்லை. முட்டியில் அடிபட்டபோதுகூட அம்மா மஞ்சளைத்தான் அப்பினாள்.

செங்கல் சூளை இருந்த பழைய மண்ணுதானே நம் ஊர். தோண்டின இடமெல்லாம் உடைந்த கல் கிடக்கும். அதைப் பொறுக்கி, அம்மியில் நுணுக்கி, ஆற்று மணலோடு கலந்து டின்னில் போட்டாள். அம்மாவின் அம்மி. அம்மா அதை மறுபடி கழுவினதைப் பார்த்தேன். மூன்று தரம் கழுவினாள் என்று எனக்கு ஞாபகம். ஒரு தரம்தான் கழுவியிருப்பாள்.

அப்பாவும் கூடச் சேர்ந்தார். ரவாங் பக்கத்துச் சுரங்கக் கரி எரிந்து தீர்ந்தால் கட்டிக் கட்டியாகக் கிட்டம் விடும், தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக. சின்னம்மா ஒரு நாள் கேட்டாள். மறுநாள் அப்பா கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தார். டின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கிட்டத்தைப் பரப்பி, தண்ணீர் தங்காமல் வடிய வைத்தார்கள், இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட. அதுவரை அந்த எஞ்சினிலிருந்து அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தது கறுத்த கையை மட்டும்தான். எனக்கென்று ஒரு கரித்துண்டு வந்ததில்லை.

அதற்கும் மேலே ஒன்று நடந்தது. பிற்பகல் ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டுமே, அந்த மழையின் சாரல் சன்னல் வழியாக அடித்தது. சின்னம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து எழுந்து போய் டின்னை உள்ளே நகர்த்தினாள். பார்த்த அப்பா, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி கடன் வாங்கி, பட்டறையிலிருந்து ஒரு தகரத் துண்டு கொண்டுவந்து, சன்னலுக்கு மேலே வெளியில் நீட்டினாற்போல் கூரை போட்டார். ஆணி அடித்த ஒவ்வொரு அடியும் எனக்குக் கேட்டது. ஏனென்றால் அடுப்பங்கரைக் கூரை அதற்கு முந்தின மழையிலேயே ஒழுகத் தொடங்கியிருந்தது. அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி வைத்திருந்தாள். சொட்டு சொட்டென்று விழும். "பாக்கிறேன், பாக்கிறேன்" என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

"அம்மா, நம்ம கூரைக்கு இல்லாம அதுக்குப் போடுறாங்க," என்றேன்.

"உனக்கென்னடி? வாளிய எடுத்து லோங்காங்ல கொட்டிட்டு வா," என்றாள்.

வாசல் சாக்கடையில் அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது எனக்கு உள்ளே எரிந்தது. அம்மாவுக்கு எரியவில்லையே என்று இன்னும் எரிந்தது. அவள் பட வேண்டிய பொறாமையையும் சேர்த்து நானே பட்டேன். ஒன்பது வயதில் இரண்டு பெண்களுக்கான பொறாமை. இடுப்பில் குடமும் தலையில் குடமுமாக நடப்பது மாதிரி.

பயமும் இருந்தது. குழாயடியில் பேச்சு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு நான் ஒருத்திதான், அதுவும் பெண். இவளுக்கு ஆண் பிறந்தால் மூத்தவள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், காப்பாரில் அண்ணன் வீடு இருக்கிறது, அங்கே போய் தென்னந்தோப்பில் மட்டை பொறுக்கட்டும் என்று கார்டு பெண்சாதி குடத்தை நிமிர்த்திக்கொண்டே சொன்னாள். நான் வாளியோடு பின்னால் நின்றது அவளுக்குத் தெரியும்.

"அப்பா உன்னை இங்க வச்சுக்குவாரு, பயப்படாத லா," என்றாள் என் பக்கம் திரும்பி. "செடிக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணும்ல."

சின்னம்மாவுக்கு வலி எடுத்தது ஒரு விடிகாலை. குழந்தை திரும்பியிருக்கிறது, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது என்று மருத்துவச்சி கை விரித்துவிட, ஜட்கா பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வண்டியில் ஏறும்போது அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தாள். வலி வந்து வார்த்தையை வெட்டிவிட்டது. தலையைச் சன்னல் பக்கம் ஆட்டினாள். அம்மா "நான் பாத்துக்கிறேன், போ தாயி" என்றாள்.

பார்த்துக்கொண்டாள். என் அம்மா எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. மறுநாளிலிருந்து காலையில் அரிசி களைந்த கழுநீரில் முருங்கைக்குப் பாதி, கள்ளிக்குப் பாதி. ஒரு சொம்பு முழுதாக. டின் அடியிலிருந்து வடிந்து பலகை நனைந்தது. உடனே ஒரு மங்குத் தட்டை எடுத்து அடியில் வைத்தாள். தட்டில் தண்ணீர் நின்றது.

"ஸ்பூன்ல ஊத்துனா எறும்புக்குக்கூடக் காணாது," என்று சொம்பைக் கவிழ்த்தபடி சொன்னாள். அந்தக் குரலை நான் கூர்ந்து கேட்டேன். ஆகா, ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

பிற்பகல் மழையில் டின்னைத் தூக்கிக் கூரைக்கு வெளியே, வாசல் படியில் வைத்தாள். மழைத் தண்ணீர் பட்டால் நன்றாக வரும் என்றாள். வெள்ளிக்கிழமை தலை முழுகிவிட்டு வந்து, சாமி படத்துக்கு வைத்த கையோடு, பனி ஊர்க் குதிரை வண்டியின் மேல் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முனியாண்டி கோயிலில் ஆட்டுக்குப் பொட்டு வைத்துத்தானே வெட்டுவார்கள். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது தலையை உலுக்கும்வரை அன்பாகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அம்மாவின் முகத்திலும் அந்த அன்பு இருந்தது.

கள்ளி முதலில் பருத்தது. மடிப்பெல்லாம் விரிந்து பளபளத்தது.

"பாத்தியா, எப்படித் தேறியிருக்கு," என்று அம்மா சிரித்தாள். "அவ வந்து பாக்கட்டும்."

அவ வந்து பார்க்கட்டும். அந்த மூன்று வார்த்தையை நான் வெல்லம் மாதிரி நாக்கில் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஆண் குழந்தை. ஆஸ்பத்திரியில் அவளைக் கொஞ்ச நாள் வைத்திருந்துதான் விட்டார்கள். அப்பா மார்போடு குழந்தையை அணைத்துக்கொண்டு இறங்கினார். எஞ்சின் கரியைத் தவிர வேறெதையும் அவர் அப்படிக் கவனமாகத் தூக்கி நான் பார்த்ததில்லை. அம்மா ஆரத்தி எடுத்தாள். வரிசைப் பெண்கள் எல்லாம் வாசலில். சின்னம்மா, நடக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவள், சன்னலைப் பார்த்து நின்றாள்.

கள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. இரண்டு நாளாகவே சாய்ந்துதான் இருந்தது. அம்மா ஒரு குச்சி நட்டு நூலால் கட்டியிருந்தாள். அடியில் பழுப்பு. அப்பா போய் விரலால் தொட்டார். விரல் உள்ளே போய்விட்டது. அழுகின வாழைப்பழத்தின் வாடை முன்னறையில் பரவியது.

பிறகு கார்டு பெண்சாதி வாசலிலிருந்து, "கத்தி எடுக்கல, விஷம் வைக்கல. தண்ணியாலயே முடிச்சிட்டா," என்றாள்.

"தெரியாமயா செஞ்ச?" என்றார் அப்பா. குரல் மெதுவாகத்தான் இருந்தது. "அவ ஸ்பூன்ல ஊத்துறத நீ பாத்ததில்லையா? ஆம்பளப் புள்ள பொறந்தத தாங்க முடியல உனக்கு. அத ஒண்ணும் செய்ய முடியாதுன்னு இதுல காட்டியிருக்க."

அம்மாவின் கையில் ஆரத்தித் தட்டு. சிவப்புத் தண்ணீர் ஆடியது. அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பா கேட்டது கேள்வியாக இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள் என்று இன்றைக்குப் புரிகிறது. அவர் கேட்கும்போதே தீர்ப்பைச் சொல்லி முடித்திருந்தார்.

"மச்சானுக்குச் சொல்லி அனுப்புறேன். வந்து கூட்டிட்டுப் போகட்டும். புள்ள இருக்கிற வீடு இது," என்றார்.

நான் என்ன நினைத்தேன் என்றால், நண்பர்களே, பெருமைப்பட்டேன். பயத்துக்கு நடுவிலும் பெருமை. என் அம்மா சும்மா இருந்தவள் இல்லை. எனக்கு எரிந்ததெல்லாம் அவளுக்கும் எரிந்திருக்கிறது. என்னைவிடப் பொறுமையாக, என்னைவிடக் கெட்டிக்காரத்தனமாக, ஒரு சொம்பு கழுநீரால் சாதித்துவிட்டாள். காப்பாருக்குப் போனால் போகிறோம். நானும் கூடப் போவேன். தென்னை மட்டை பொறுக்குவோம். இரண்டு பேரும் ராணி மாதிரி இருப்போம்.

அன்று மாலை குழாயடியில் கூட்டம் இல்லை. அம்மா குடம் நிறைவதைப் பார்த்துக்கொண்டு குத்துக்காலிட்டிருந்தாள். நான் அவள் காதருகில் போய்ச் சொன்னேன்.

"நல்லா செஞ்சம்மா."

"என்னத்தடி?"

"கள்ளிய. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்பா பேசியபோது வராத ஒன்று அப்போது அவள் முகத்தில் வந்தது. குடம் நிரம்பி வழிந்து அவள் பாதத்தை நனைத்தது, நகரவில்லை.

"நீயுமா?" என்றாள்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். எப்போதும் என்னை முன்னால் விட்டுத்தான் நடப்பாள்.

காப்பார் மாமா ஒரு மத்தியானம் வந்தார். குடையும், பனையோலைப் பையில் கருவாடும். அம்மா அதற்குள் இரண்டு புடவையை மூட்டை கட்டி வாசல் நிலையோரம் வைத்திருந்தாள். என் பாவாடையை அதில் வைக்கவில்லை. நான் போய் வைத்தேன். எடுத்து வெளியே வைத்தாள்.

மாமா தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "கூட்டிட்டுப் போறேன், மச்சான்," என்றார். "என் தங்கச்சிக்கு எங்க வீட்ல சோறு இருக்கு. ஆனா எதுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு நீங்க என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். எங்க ஆளுங்க கேப்பாங்க."

அப்பா சன்னலைப் பார்த்தார். "செடி ஒண்ண..." என்று ஆரம்பித்தார்.

"செடியா?" என்றார் மாமா.

"வெறும் செடின்னு இல்ல மச்சான், அவ மனசுல..."

"செடி," என்றார் மாமா மறுபடியும், மூட்டையைப் பார்த்துக்கொண்டு.

அப்போது நடு அறையின் துணித் திரை விலகியது. பிள்ளை பெற்ற உடம்பு, முகமெல்லாம் மஞ்சள், தலையில் துண்டு. ஆண்கள் நிற்கிற இடத்துக்கு அவள் அந்த நாட்களில் வரக் கூடாது. வந்து நின்றாள். ஒரு கையில் அந்தப் பிஸ்கட் டின், காலியாக.

"அக்கா போனா இந்தப் புள்ளைய யாரு குளிப்பாட்டுறது?" என்றாள் அப்பாவிடம். "நீங்களா? கார்டு வீட்டம்மாவா? எனக்கு அம்மா இருக்காளா, அத்த இருக்காளா?"

"நீ உள்ள போ," என்றார் அப்பா.

"போறேன். இதப் பாத்துட்டு அப்புறம் அனுப்புங்க." டின்னை அவர் முன்னால் திருப்பிக் காட்டினாள். குதிரை வண்டியின் மேல் மஞ்சள் காய்ந்திருந்தது, நடுவில் குங்குமம். "கொல்லணும்னு நெனைக்கிறவ வெள்ளிக்கிழம பொட்டு வைப்பாளா? நான் கூட இதுக்கு ஒரு நாள் வச்சதில்ல. தண்ணி ஆகாதுன்னு எனக்குச் சொன்னது துரைசாணி. அக்காவுக்கு யாரு சொன்னா? சொல்லாமப் போனது நான்."

மாமா குடையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார்.

அம்மா மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அத்தனை நாளும் பேசாதவள் பேசினாள். அப்பாவைப் பார்த்துப் பேசவில்லை, மாமாவைப் பார்த்துப் பேசவில்லை.

"காஞ்சு கெடந்துச்சு. நீ வர்றப்ப நல்லா இருக்கணும்னுதான் ஊத்துனேன்," என்றாள் அவளிடம்.

"தெரியும்க்கா."

"இது இப்படி ஆகும்னு..."

"மேல் பாகம் கெடல. அறுத்து வச்சிருக்கேன், வாங்க," என்றாள் சின்னம்மா.

நடு அறையில், குழந்தை தூங்குகிற பாய்க்குப் பக்கத்தில், பழைய பேப்பரில் கள்ளியின் நுனி ஒரு கட்டைவிரல் நீளத்துக்குக் கிடந்தது. அறுத்த வாயில் வெற்றிலைச் சுண்ணாம்பு தடவியிருந்தது. காய்ந்து தோல் கட்டினால் மறுபடி நடலாமாம். அம்மா குனிந்து பார்த்தாள். தொடவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என் கை ஆகாது. நீயே பாத்துக்க தாயி."

"உங்க கை இல்லாம நடக்குமா? இப்ப ஸ்பூன் எங்க இருக்குன்னு தெரியும்ல," என்றாள் சின்னம்மா. அம்மா சிரித்தாள். சிரிப்பு சட்டென்று அழுகையாகி, மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தலைக்கு ஊத்தி எத்தன நாளாச்சு உனக்கு? வெந்நீர் வைக்கிறேன் இரு," என்று அடுப்பங்கரைக்குப் போனாள்.

மாமா சாப்பிட்டுவிட்டுத் தனியாகத்தான் திரும்பினார்.

அன்று வெந்நீரில் நொச்சி இலை கொதித்தது. பின்கட்டில் ஓலைத் தட்டி மறைவில் மணையைப் போட்டுச் சின்னம்மாவை உட்கார வைத்து, அம்மா நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி அவள் முதுகில் தேய்த்தாள். கழுத்திலிருந்து இடுப்புவரை, நீவி நீவி. நான் தட்டிக்கு வெளியே துண்டோடு நின்றேன். உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. கார்டு பெண்சாதி நெல் கடித்துக்கொண்டு போனதை அம்மா நடித்துக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மாவுக்கு நடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவள் பொறாமைப்படவே இல்லை. அம்மாவுக்காக என்று நான் சுமந்துகொண்டு திரிந்தது முழுவதும் என்னுடையது மட்டும்தான். என் அம்மா கொலைகாரி இல்லை என்று நிரூபணமான அந்தப் பிற்பகலில் எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம். இதை எந்த மண்டபத்தில் எப்படிச் சொல்வது?

நுனி வேர் பிடித்தது. புதுக் கிட்டம், புது மணல். அம்மா ஈர்க்குச்சியை இறக்கி உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஈரமா, இல்லையா, நீ பாரு" என்று அவளிடம் நீட்டுவாள். அவள் பார்த்துவிட்டு இவளிடம் கொடுப்பாள். காலையில் வண்டி போகும்போது சன்னலில் அவர்கள் இரண்டு பேரும் நிற்பார்கள். அப்பா சவலைத் தூக்குவதை நான் அதன் பிறகு தேடவில்லை. அது யாருக்கு என்பது எனக்குப் பொருட்டாக இல்லாமல் போயிற்று. அப்பாவைக் கொடுத்துவிட என்னால் முடிந்தது. ஏற்கெனவே பாதிதான் எனக்கு வந்திருந்தார். அம்மாவைச் சின்னம்மா அப்படிப் பாதியாக எடுக்கவில்லை. அம்மா தானாகப் போய்க் கொடுத்தாள், எண்ணெய்க் கையோடு.

நீங்கள் கேட்கலாம், குழாயடியில் நான் சொன்னதை அம்மா மன்னித்தாளா என்று. மன்னிக்கிற மாதிரி அவள் எதையும் வைத்திருக்கவில்லை. பள்ளிக்கு அனுப்பினாள், பின்னல் போட்டாள், கல்யாணம் செய்து வைத்தாள். ஆனால் மனதில் உள்ளதைச் சொல்ல வேண்டுமானால் சின்னம்மாவைத்தான் கூப்பிட்டாள். நான் செலாயாங்குக்கு வாழப் போய், மாதம் ஒரு தடவை வந்து, அவர்கள் இருவரும் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு என்னை உபசரிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். என்ன பேசிக்கொண்டிருந்தார்கள்? வெண்டைக்காய் விலையாகத்தான் இருக்கும். அந்த வெண்டைக்காயின் மேலும் பொறாமைப்பட்டேன்.

அம்மா போனபோது யுத்தம் முடிந்து கொஞ்ச காலம். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். நான் வந்து சேர்ந்தபோது நடு அறையில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் சின்னம்மா. அவள் அழுத அழுகையில் சொல் இல்லை, "அக்கா" மட்டும்தான் இருந்தது. தண்டவாளத்தில் வண்டி போனபோதும் அது கேட்டது. நான் காலடியில் உட்கார்ந்தேன். பெற்ற மகள். வரிசைப் பெண்கள் வரத் தொடங்கினார்கள், தலையை விரித்துக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு. துக்கத்துக்கு வருகிறவர்கள் யாரை முதலில் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அது வழக்கம், யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, உரியவள் யார் என்று கால்களுக்கே தெரியும்.

ஒருத்தி விடாமல் எல்லோரும் நேராக அவளிடம் போனார்கள். தோளில் சாய்ந்தார்கள், அவள் தலையைத் தடவினார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, என் முறை வருவதற்காகக் காத்திருந்தேன்.